எந்தப் பெயரை எழுதுவது?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோன உற்றாரின் பெயர்களைச் சிறு தாளில் எழுதி, காணிக்கையோடு சேர்த்துக் கோவிலில் கொடுக்கிறோம். கல்லறைத் திருநாளன்றும் அம்மாதம் முழுவதும் அப்பெயர்கள் திருப்பலியில் நினைக்கப்படுகின்றன. தாத்தா, பாட்டி, தந்தை, தாய், அகாலத்தில் மறைந்த பிள்ளை என்று வரிசை நீளும். அத்தாளை எழுதும்போது நாம் பெரிதாக எதையும் யோசிப்பதில்லை. நம்மவர் யாரோ அவர்களை எழுதுகிறோம். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும்படி நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையும், அதன் பின்னணியில் உள்ள ஒரு கப்பலின் வரலாற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர, சிறிது தொலைவில் சேத்தூர் இருக்கிறது. ஜமீன் ஊர் என்று பெயர் பெற்றது. கடலுக்கும் அவ்வூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவ்வூர்க்காரர்களில் கப்பலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தபோது அவர் நம்மிடம் கேட்டது ஒரு கப்பலைப் பற்றித்தான். அவருடைய தந்தை 1937-ஆம் ஆண்டில் மலாயாத் தோட்டத்திற்குப் போனவர். அப்போது அவருக்கு நான்கு வயது. பினாங்கிலிருந்து வந்த முதல் கடிதத்தில், “ரோனாக் கப்பலில் சுகமாய் வந்து சேர்ந்தேன்” என்று ஒரு வரி இருந்ததாம். அதைத் தாய் பலமுறை பிறரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டதால் மகளுக்கு அவ்வரி மனப்பாடம். 1941-க்குப் பின் கடிதம் இல்லை, ஆளும் திரும்பவில்லை.

“ஐயா போனது போகட்டும். அவரக் கூட்டிட்டுப் போன கப்பல் என்ன ஆச்சு? அதையாவது யாராச்சும் சொல்ல மாட்டீகளா?” என்றார் அவர்.

தந்தையைப் பற்றி விசாரித்து விசாரித்து ஓய்ந்துபோன ஒருவர் கடைசியில் கப்பலைப் பற்றிக் கேட்கிறார். நாம் அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அதன் முடிவு தெரிந்தபோது, ஒரு கப்பலின் கதைக்குள் மனிதர்களை எண்ணுவது பற்றியும் பெயர் சொல்வது பற்றியும் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருப்பதைக் கண்டோம்.

ரோனா என்பது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த பயணிகள் கப்பல். இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் உள்ள ஹெப்பர்ன் என்னும் ஊரில் 1926-இல் கட்டப்பட்டது. எடை 8,602 டன். அதே ஆண்டு கிளாஸ்கோவில் அதற்கு ஓர் உடன்பிறப்பும் பிறந்தது. நம் முன்னோர் வாயில் நெடுங்காலம் வழங்கிய ‘ரஜூலா’ அதுதான். இரு கப்பல்களும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம், சிங்கப்பூர் என்ற வழியில் ஓடின. மேல்வகுப்பில் அறை எடுத்துப் பயணம் செய்தவர்கள் சிலர். மற்றவர்கள் தளப் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்குப் படுக்கை, மூட்டையே தலையணை. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல ரஜூலாவுக்கு அனுமதி இருந்தது என்றால் அந்தத் தளங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

சேத்தூரிலிருந்து கடலுக்குப் போன வழியும் அந்நாளில்தான் திறந்திருந்தது. விருதுநகரிலிருந்து இராசபாளையம் வழியாகத் தென்காசிக்கு இருப்புப்பாதை வந்தது 1927-இல். கங்காணி ஊருக்கு வந்து பேசுவார். தோட்டத்தில் நாள் தவறாமல் கூலி கிடைக்கும் என்பார். மழை பொய்த்த ஆண்டில் அப்பேச்சுக்கு வலிமை மிகுதி. கப்பல் கட்டணத்தைத் தோட்டத்துரைமார் செலுத்தும் வரியினால் அமைந்த ஒரு நிதி ஏற்றுக்கொண்டது. இரயிலேறி நாகப்பட்டினம் போய், முகாமில் தங்கி, மருத்துவ சோதனை முடித்து, படகில் ஏறி, ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலை அடைய வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கு. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு இவ்வாறு உதவிப் பணத்தில் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. நம் மூதாட்டியின் தந்தை அந்த வாசல் மூடுவதற்கு முந்திய ஆண்டில் போனவர்.

1939-இல் போர் மூண்டது. அடுத்த ஆண்டிலேயே ரோனா போர்ப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுப் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாயிற்று. ரஜூலாவுக்கும் அதே கதி. கூலிகள் பாய் விரித்த தளங்களில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு படுத்தார்கள். ஏராளமான மனிதர்களைக் குறைந்த இடத்தில் அடைத்துக் கொண்டுபோகப் பழகிய கப்பல் படைக்கும் ஏற்றதாக இருந்ததில் வியப்பில்லை.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல் வழி அடைபட்டது. அக்கரையில் இருந்த கணவனுக்கும் இக்கரையில் இருந்த மனைவிக்கும் இடையே கடிதமும் இல்லை, பணமும் இல்லை, கப்பலும் இல்லை. தோட்டங்களில் வேலை நின்றது; பட்டினி வந்தது. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை போட ஆள் சேர்த்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். ஆசை காட்டிச் சேர்த்தார்கள். பிறகு பிடித்தும் சேர்த்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின.

அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பியூசயாத்திலும் ஒழுங்கான கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாய் மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அப்படிப்பட்ட கல் இல்லை. எத்தனை பேர் என்பதற்கே ஆளுக்கொரு கணக்கு. கப்பல் ஏறும்போது தலை எண்ணப்பட்டவர்கள், மண்ணுக்குள் போகும்போது அந்த எண்ணிக்கையையும் இழந்தார்கள். சேத்தூர் மனிதரின் முடிவும் அங்கே இருந்திருக்கலாம், வேறெங்காவது இருந்திருக்கலாம்.

அந்த இருப்புப்பாதையின் இரு முனைகளும் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. சரியாக நாற்பது நாள் கழித்து ரோனாவின் முடிவு வந்தது.

1943 நவம்பர் 25-ஆம் நாள் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து ரோனா புறப்பட்டு, மத்தியதரைக் கடலில் கிழக்கு நோக்கிச் சென்ற ஒரு கப்பல் அணியில் சேர்ந்தது. உள்ளே ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்கப் படைவீரர்கள். அவர்கள் போய்ச்சேர வேண்டிய இடம் இந்தியா. இந்தியாவிலும் பர்மாவிலும் ஜப்பானியரை எதிர்த்து நடந்த போருக்காக, விமானத் தளங்கள் அமைக்கும் பணி போன்றவற்றிற்காக அனுப்பப்பட்டவர்கள். எந்தப் போர் ரோனாவின் பழைய பயணிகளை அக்கரையில் சிறைப்படுத்தியதோ அந்தப் போருக்கே அது ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. கப்பலின் பணியாளர் 195 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுக்கு அது தாயகம் நோக்கிய பயணம்.

நவம்பர் 26 மாலை, இன்று பெஜாயா எனப்படும் பூஜி நகருக்கு அப்பால், ஜெர்மன் விமானங்கள் அணியைத் தாக்கின. அவற்றுள் ஒன்று வீசியது சாதாரணக் குண்டன்று. சிறகும் உந்துபொறியும் கொண்ட அதனை, விமானத்தில் இருந்தபடியே ஒருவர் வானொலி அலைகளால் திசை திருப்பி இலக்கில் செலுத்த முடியும். இன்றைய ஏவுகணைகளுக்கு அது முன்னோடி. அது ரோனாவின் இடப்பக்கத்தைத் துளைத்து இயந்திர அறைப் பகுதியில் வெடித்தது. மின்சாரம் அற்றது. தீப்பற்றியது. உயிர்காப்புப் படகுகள் பல நொறுங்கின. பல, இறக்க முடியாதபடி சிக்கிக்கொண்டன. முறையாக நீரில் இறங்கியவை மிகச் சிலவே. ஒன்றரை மணி நேரத்திற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. இருள் சூழ்ந்த, அலை உயர்ந்த, குளிர்ந்த கடலில் இரவெல்லாம் மிதந்தவர்களில் பலர் விடியலைக் காணவில்லை. ‘பயனியர்’ என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

இறந்தவர் 1,100 பேருக்கும் மேல். அவர்களில் அமெரிக்கப் படைவீரர் 1,015 பேர். கடலில் ஒரே கப்பலில் அமெரிக்கப் படை இழந்த உயிர்களின் கணக்கில் இதற்கு நிகரானவை மிகக் குறைவு.

இத்தனை பெரிய சாவு எப்படி உலகுக்குத் தெரியாமல் போயிற்று? எதிரியிடம் இப்படியோர் ஆயுதம் இருப்பதும் அது வெற்றி பெற்றதும் வெளியே வரக்கூடாது என்று அரசுகள் கருதின. பிழைத்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். வீட்டாருக்கு மகன் காணாமற்போனான் என்ற தந்தி போயிற்று. எங்கே, எப்படி என்பது சொல்லப்படவில்லை. போர் முடிந்த பின்னும் முழு விவரம் வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. பிள்ளையின் முடிவு தெரியாமலே கண்மூடிய பெற்றோர் அமெரிக்காவில் எத்தனையோ பேர். பிழைத்தவர்களும் இறந்தவர்களின் பிள்ளைகளும் முதுமையில் ஒன்றுகூடி, 1996-இல் அலபாமா மாநிலத்தில் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். அதில் இறந்தோரின் நினைவு நிலைபெற்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு தாயின் கேள்விக்கு அரசு ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து விடை சொன்னது. தாமதமாயினும் அது நீதியே.

இதுவரை படித்தபோது நம் மனம் நெகிழ்ந்தது. ஆனால் அடுத்துப் படித்தது வேறு வகையானது. உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள் பலவற்றில் இந்தியப் பணியாளர்மேல் கடுமையான குற்றச்சாட்டு இருக்கிறது. அவர்கள் கடமையை விட்டு ஓடினார்கள். படகுகளில் தாங்களே முதலில் ஏறினார்கள். படகு இறக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு நிற்கவில்லை என்பது அக்குற்றச்சாட்டு. கப்பலிலும் படகுகளிலும் இருந்த குறைபாடுகளோடு இதுவும் சேர்ந்து, இவ்வளவு பேர் இறந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதைப் படித்த கணத்தில் நமக்குள் எழுந்தது வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம் நாட்டவரைக் குறை சொல்கிறார்களே என்று மறுக்கத் துடித்தோம். ஆனால் நம்மவர் என்பதற்காக மறுப்பதும் உண்மைக்குச் செய்யும் துரோகமே. அஞ்சி ஓடியவர் அங்கே சிலர் இருந்திருக்கலாம். தீயிலும் இருளிலும் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு நாடும் இனமும் அளவுகோல் அல்ல. ஆகவே நாம் மறுப்பதை விட்டு, எண்ணிப் பார்த்தோம்.

கப்பலில் இருந்த அமெரிக்க வீரர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ இரண்டில் ஒருவர். பணியாளர் 195 பேரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 120 பேர். அதாவது ஐந்தில் மூவர். தப்பி ஓடியதாகச் சொல்லப்படுகிறவர்களே, தப்ப முடியாமற்போனவர்களின் வரிசையில் முன்னே நிற்கிறார்கள்.

இக்கணக்கு யாரையும் புனிதராக்கிவிடாது. ஒருவன் ஓடியதையும் இன்னொருவன் நின்று மடிந்ததையும் அது பிரித்துக் காட்டாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. படகில் இருந்த இந்தியனைப் பலர் பார்த்தார்கள், சாட்சி சொன்னார்கள். குண்டு வெடித்த இயந்திர அறைப் பகுதியில் பணியில் நின்ற இந்தியனை மேல்தளத்தில் இருந்த எவரும் பார்த்திருக்க இயலாது. பார்க்கப்பட்டவனின் குற்றம் எழுதப்பட்டது. பார்க்கப்படாதவனின் சாவு எழுதப்படவில்லை. சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று நாம் கூறவில்லை. கண்ட உண்மையை முழு உண்மை என்று கொள்வதில்தான் அநீதி நுழைகிறது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் கூட, கண்ணில் பட்ட ஒன்றை வைத்து ஒரு தெருவையே, ஒரு சாதியையே, ஓர் ஊரையே நாம் தீர்ப்பிடுவதில்லையா? இறந்துபோனவனுக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றத்திற்கு அவன் விடை கூற முடியாது. ஆகவே உயிருள்ளவர்கள், தீர்ப்புக்கு முன் எண்ணியாவது பார்க்க வேண்டும். எண்ணுவது அன்பு ஆகாது; எனினும் நீதியின் முதற்படி அதுவே.

அம்மனிதர்களை ‘லஸ்கர்’ என்ற பொதுப்பெயரால் அழைத்தார்கள். பிரித்தானியக் கப்பல்களில் அவர்களுக்கென்று தனி ஒப்பந்தம் இருந்தது. ஐரோப்பிய மாலுமி பெறும் ஊதியத்தில் சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. தங்கும் இடமும் உணவும் அதற்கேற்பக் குறைவு. 1939-இல் போர் தொடங்கியபோது, சாவுக்கு அஞ்சாமல் வேலை செய்யும் எங்களுக்கும் ஊதியம் உயர்த்துங்கள் என்று பிரித்தானியத் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். ஆயினும் கப்பல்கள் நிற்கவில்லை. அவர்களே தொடர்ந்து கரி தள்ளினார்கள், கயிறு இழுத்தார்கள், சோறு சமைத்தார்கள். வங்கத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் குசராத்திலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். இத்தகைய கப்பல்களின் சமையற்கட்டிலும் உணவுக்கூடத்திலும் பணிசெய்தவர்களில் கோவாக் கத்தோலிக்கர் பலர் என்பது நம் வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். செபமாலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற அம்மனிதர்களும் நாம் தேடிப் பார்க்காத உறவினரே.

அவர்களுக்குக் கல்லே இல்லை என்று சொல்வதும் பிழையாகும். இரண்டாம் உலகப் போரில் கடலோடு போன இந்திய வணிகக் கப்பல் பணியாளர் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் நினைவேட்டில் எழுதப்பட்டுள்ளன. ஒரு படி மும்பையில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்திலும் மற்றொன்று இன்றைய வங்காள தேசத்தின் சிட்டகாங்கிலும் காக்கப்படுகின்றன. ஆக, பெயர் இல்லாமல் போகவில்லை. பெயரைத் திறந்து வாசிப்பவர்தாம் இல்லை. அலபாமாவின் கல்லின் முன் நின்று அழப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். மும்பை ஏட்டின் முன் நின்று, இவர் ரோனாவில் போன எங்கள் பாட்டனார் என்று சொல்ல எந்தச் சிற்றூரிலிருந்து யார் வருவார்? வீட்டிற்குச் செய்தியே போய்ச் சேராத இடங்களும் இருந்திருக்குமே.

இங்கே நம் கேள்வி பிறக்கிறது. இறந்தோரை நினைப்பது யார்மேல் விழுந்த கடன்? இரத்த உறவு உள்ளவர்மேல் என்பது எளிய விடை. மகன் தந்தையை நினைப்பான். நாடு தன் வீரனை நினைக்கும். இனம் தன் இனத்தானை நினைக்கும். இந்த விடை தவறன்று. ஆனால் இதை மட்டுமே ஏற்றுக்கொண்டால், சொந்தமில்லாதவன், செய்தி போகாதவன், நாடே இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்துபோனதால் எந்த நாட்டுக் கணக்கிலும் ஒழுங்காக வராதவன், இவர்கள் நினைவின் எல்லைக்கு வெளியே நிரந்தரமாகத் தள்ளப்படுவார்கள். வலிமை உள்ளவர்களுக்கே நினைவு என்றாகிவிடும். வாழும்போது இருந்த மேல்வகுப்பும் தளவகுப்பும் சாவுக்குப் பின்னும் தொடரும்.

‘இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள். எண்பது ஆண்டு கழித்து அவர்கள் பெயரைச் சொல்வதால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்த அக்கறையை உயிரோடு இருப்பவர்மேல் காட்டுங்கள்’ என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். நியாயமான பேச்சே. ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுபவை அல்ல. ஒருவனை வாழும்போது ‘ஆள்’ என்றும் ‘தலை’ என்றும் ‘கூலி’ என்றும் எண்ணிப் பழகியதால்தான் அவன் சாவு பெயரில்லாமல் போயிற்று. அவன் சாவைப் பெயரில்லாமல் விட்டுவிடும் சமுதாயம், அடுத்தவனையும் அப்படியே கப்பலேற்றும். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் உலகெங்கும் ஏறத்தாழ நான்கு இலட்சம் கப்பல் பணியாளர் கடலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் இந்தியர் மிகப் பலர். நமக்கு வேண்டிய எண்ணெயும் மருந்தும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. கொண்டுவந்தவரைப் பற்றி நாம் எத்தனை பேர் நினைத்தோம்? ரஜூலா கட்டப்பட்ட அதே கிளாஸ்கோவில், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1920-இல் கடற்பயணிகளுக்கான கத்தோலிக்கத் திருத்தூதுப் பணி தொடங்கிற்று. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாக அனுசரிக்கப்படுகிறது. கடற்கரைப் பங்குகள் அறிந்த இந்நாளை மலையடிவாரப் பங்குகளும் அறிந்துகொள்வதில் தடை ஒன்றும் இல்லை.

இதை எழுதும்போது நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரோனாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நாம் முதலில் தேடியது தமிழ்ப் பெயர்களைத்தான். ஒரு தமிழ்ப் பெயராவது அகப்பட்டால் கட்டுரைக்குச் சுவை கூடும் என்று நினைத்தோம். அமெரிக்கச் சாவு ஆயிரம் என்றதும் அதை ஓர் எண்ணாகக் கடந்துபோனோம். வங்காளி, பஞ்சாபி என்றதும் ஆர்வம் சற்றே குறைந்தது. கோவாக் கத்தோலிக்கர் என்றதும் மீண்டும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நம் நெஞ்சுக்குள்ளும் மேல்வகுப்பு, தளவகுப்பு என்று சீட்டுக் கொடுக்கும் ஒருவன் இருக்கிறான். அவன் இருப்பதை அறிந்துகொண்டதே இக்கப்பலால் நாம் பெற்ற முதற்பயன்.

நினைப்பது கடனா, கருணையா என்று கேட்டால், நாம் இப்படிச் சொல்வோம். உறவினனை நினைப்பது கடன். அதைச் செய்யாவிட்டால் குற்றம். உறவில்லாதவனை நினைக்க எவரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவனால் வாழ்ந்தவர்கள் நாம். அவன் ஓட்டிய கப்பலில் நம்மவர் போனார்கள், வந்தார்கள். அவன் கொண்டுவந்த அரிசியை நம் வீடுகளில் உண்டார்கள். பெற்றுக்கொண்ட பின் ‘நீ யாரோ’ என்று சொல்வது நேர்மையன்று. அதனால் இதுவும் கடனே. கேட்க ஆளில்லாத கடன் என்பதால் மட்டுமே இதைக் கருணை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

ரஜூலா பிழைத்தது. போருக்குப் பின் மீண்டும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் ஓடியது. திரும்பி வந்தவர்களை இறக்கியது, புதியவர்களை ஏற்றியது. நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்த பின் 1973-இல் இந்திய அரசின் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, வேறு பெயர் பெற்று, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. ரோனா இன்னும் மத்தியதரைக் கடலின் அடியில் கிடக்கிறது.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு நாம் மீண்டும் சேத்தூர் போனோம். மூதாட்டியிடம் சுருக்கமாகச் சொன்னோம். கப்பல் குண்டுபட்டு மூழ்கியது, ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள், கூட வேலை பார்த்த நம் நாட்டவர் நூற்றுக்கும் மேல் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. தம் தந்தையைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம்.

“அந்த வேல பாத்தவுக வீட்டுக்கு யாரு போய்ச் சொன்னா?” என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. கடிதத்திற்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாயை நான்கு வயது முதல் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுவாகத்தான் இருக்க முடியும். அமெரிக்கர், இந்தியர், ஓடியவர், நின்றவர் என்ற பிரிவுகள் எதுவும் அவர் கேள்வியில் இல்லை. காத்திருந்த வீடு ஒன்றே அவர் கண்ணில் பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் அவர் பேத்தி வழக்கம்போல் திருப்பலிக் கருத்துக்கான தாளை எழுத உட்கார்ந்தாள். தாத்தா, பாட்டி பெயர்களை எழுதினாள். பிறகு மூதாட்டி, “அந்தக் கப்பல்ல போனவுக எல்லாருக்கும்னு எழுது” என்றார். பேத்தி தயங்கினாள். தாளில் பெயருக்கென்று ஒரு கட்டம்தானே இருக்கிறது? “பேரு என்ன எழுத, பாட்டி?” என்றாள்.

“கப்பல் பேரையே எழுது. அவருக்குத் தெரியும்” என்றார் அவர்.

உபதேசியார் அத்தாளைக் கையில் வாங்கி, ‘ரோனா’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது ஆணா பெண்ணா என்று கேட்டாராம். பேத்தி விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. அதன் கீழே தம் கையால், ‘மற்றும் அதில் மாண்ட அனைவரும்’ என்று சேர்த்து எழுதிக்கொண்டார்.